தென்னங்குழியில் கிடைத்த எனாமல் வில்லை: ரோமானிய புரூச்சா?

தோப்புக்காரன், கொழிஞ்சாம்பாறை:
தென்னங்குழி எடுத்தப்போ 3 அடி ஆழத்தில் ஒரு வட்டச் செப்பு வில்லை வந்தது. குறுக்களவு 32 மி.மீ. நடுவில் குமிழ், சுத்தியும் பள்ளங்களில் சிவப்பு, நீலக் கண்ணாடி. பின்பக்கம் முழுக்கப் பச்சைக் களிம்பு. ரோமானிய எனாமல் புரூச் (உலோகப் பள்ளத்தில் கண்ணாடியை உருக்கிப் பதிச்ச, துணியில் குத்திக்கிற ஊசி நகை) படங்களில் அச்சு அசலா இதே மாதிரி இருக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியா ரோமானிய வணிகம் நடந்ததுதானே? எப்படி உறுதி செய்யறது? புளி போட்டுத் தேய்க்கலாமா?

செப்புக்கண்:
புளியைத் தொடவே தொடாதீங்க. குத்துவிளக்குக்குச் சரி, பழைய எனாமலுக்கு அது எமன். ரோமானியச் சிவப்பு எனாமல் ஈயம் சேர்ந்த கண்ணாடி. புளியின் அமிலம் ஈயத்தை அரிச்சு எடுத்துடும். போதாததுக்கு, அடியில் செம்பு களிம்பேறி உப்பி, கண்ணாடியைப் பள்ளத்திலிருந்து நெம்பிக்கிட்டே இருக்கும். தேய்ச்சா செதில் செதிலா உதிரும். உலோகத்து மேல இருக்கிற காய்ந்த மண்ணை மட்டும் மூங்கில் குச்சி நுனியால் தள்ளுங்க.

அடையாளம் முகத்தில் இல்லை, முதுகில். இந்த வகை வட்ட புரூச்சில் ஊசி கோக்கும் காதுகளும், ஊசி நுனி தங்கும் கொக்கியும் தகட்டோடவே வார்த்திருக்கும். தனியாப் பற்றவைத்த தடம் தெரிஞ்சா சந்தேகப்படுங்க. அப்புறம் 10 மடங்கு லென்ஸில் கண்ணாடியைப் பாருங்க. பழசுன்னா பெரும்பாலும் ஒளி ஊடுருவாது, குமிழி வெடிச்ச குழிகள் இருக்கும். சிவப்பு நிறம் தர்றது குப்ரஸ் ஆக்ஸைடுங்கிற செம்புச் சேர்மம். மண்ணில் கிடந்தா அது பச்சையாத் திரியும். இன்னும் பளிச்சுன்னு சிவப்பா இருந்தா கொஞ்சம் யோசிக்கணும்.

கணவாய்க்காற்று:
வணிகம் நடந்தது உண்மை, திருச்சூர் மாவட்டத்து எய்யாலில் ரோமானிய நாணயப் புதையலே கிடைச்சிருக்கு. ஆனா எனாமல் புரூச் பிரிட்டன், இன்றைய பிரான்ஸ், பெல்ஜியம், ரைன் கரைச் சரக்கு. கி.பி. 1 முதல் 3ஆம் நூற்றாண்டு வரை, குளிருக்குப் போர்த்தும் மேலங்கியைக் குத்திக்க உண்டானது. முசிறித் துறைமுகத்துக்கு வந்த சரக்கைப் பெரிப்ளூஸ்ங்கிற பழைய கிரேக்கக் கடல்வழி நூல் அடுக்குது: நாணயம், துணி, பவளம், கச்சாக் கண்ணாடி, செம்பு, தகரம், ஈயம், கொஞ்சம் மது. புரூச் அந்தப் பட்டியலில் இல்லை. மாலுமி ஒருத்தன் தோளோட வந்திருக்கலாம்தான், ஆனா அந்த முடிவுக்குக் கடைசியா வாங்க.

எதுவா இருந்தாலும் விற்கப் போகாதீங்க. பழசுன்னு தோணினா கேரளப் புதையல் சட்டம் 1968 இருக்கு. கிடைத்த இடம், தேதியோட கலெக்டருக்கு எழுதிக் கொடுங்க. பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துடுங்க. வெளிர்பச்சைப் பொடி பூத்தா குளோரைடு அரிப்பு. மூடிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோட வைங்க.

செப்புக்கண்:
ஜெல் சரி, ஆனா ஈரத்தோட நேரா அதில் போட்டா கண்ணாடி வெடிப்பு விடும். முதல்ல நிழலில் மெதுவா உலரட்டும்.

தோப்புக்காரன்:
முதுகைப் பார்த்தேன். ரெண்டு பற்றுத் தடம் இருக்கு. கொக்கி சி வடிவம், உள்ளே சுழலும் சின்ன உருளை.

செப்புக்கண்:
அந்தச் சுழல் பூட்டு 20ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். ரோமானிய மாதிரியில் செய்த நகல். களிம்பு சாட்சி ஆகாது. உரமும் பாசன ஈரமும் சேர்ந்த மண்ணில் செம்பு சில வருஷத்திலேயே பச்சை பிடிக்கும். 3 அடி ஆழமும் அப்படித்தான்: குழிச் சுவரில் மண் நிறம் மாறுதான்னு பாருங்க, மாறினா யாரோ முன்னாடியே வெட்டி மூடின குழியா இருக்கும்.