மகன் கம்யூனிட்டி காலேஜில் ஒரு வருடம் முடித்துவிட்டான், கால்குலஸ் ஒன்றுகூட எடுக்கவில்லை. இனி எப்படித் திட்டமிடுவது?

பிரீமாண்ட்_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மகன் 2025 ஃபாலில் (இலையுதிர்கால செமஸ்டர்) வீட்டுக்குப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடக் கல்லூரியில், சேர்ந்தான். இங்கேயே பிறந்தவன், அதனால் விசா பிரச்சினை இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து யூசிக்கு (கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு) டிரான்ஸ்ஃபர் ஆக வேண்டும் என்பது அவன் ஆசை. ஆனால் விண்ணப்பத்தில் மேஜர் (முதன்மைப் பாடம்) கேட்ட இடத்தில் "இன்னும் முடிவாகவில்லை" என்று போட்டுவிட்டான், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நண்பன் சொன்னானாம். கவுன்சிலரைப் பார்த்தது ஒரே தடவை, அதுவும் செமஸ்டர் தொடங்குகிற வாரம், வரிசையில் நின்று பத்து நிமிடம். முதலில் ஜெனரல் எஜுகேஷன் பாடங்களை (எல்லா மாணவருக்கும் பொதுவானவை) முடி என்று சொல்லி ஒரு தாள் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இரண்டு செமஸ்டரில் 27 யூனிட் (கிரெடிட்) முடித்திருக்கிறான். இங்கிலீஷ், ஸ்பீச், சைக்காலஜி, சோஷியாலஜி, சினிமா வரலாறு, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இப்படி. ஒரே ஒரு பி, மற்றதெல்லாம் ஏ. நேற்று ராத்திரி ஃபாலுக்குப் பாடம் பதிய உட்கார்ந்தால் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸைச் சேர்க்க முடியவில்லை, முன்பாடம் முடிக்கவில்லை என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. அதைத் தேடப் போய்த்தான் கால்குலஸும் இல்லை, பிசிக்ஸும் இல்லை என்று தெரிந்தது. "ஸ்டாட்ஸ் எடுத்தாச்சேம்மா, மேத்ஸ் முடிஞ்சதுன்னு இதுல இருக்கே" என்று அதே தாளைக் காட்டுகிறான். பார்த்தேன், கணிதத்துக்கு நேரே பென்சிலில் டிக் அடித்திருக்கிறது.

என் கணவர் சம்மரிலேயே கால்குலஸைப் போட்டு எப்படியாவது இரண்டு வருடத்தில் முடிக்கச் சொல்கிறார். பையன் வாயே திறப்பதில்லை. மூன்று வருடம் ஆனால் யூசி எடுக்குமா? யூனிட் கூடிப்போனால் ஆபத்து என்கிறார்களே, அது நிஜமா?

தென்காசிக்காரன்

அக்கா, முதலில் ஒன்று. அந்த டிக் தப்பில்லை. ஜெனரல் எஜுகேஷனுக்கு ஒரு கணிதம் வேண்டும், அதற்கு ஸ்டாட்ஸ் போதும். மேஜருக்கு வேண்டிய கணிதம் வேறு கணக்கு. மேஜரே போடாத பையனுக்கு முதல் கணக்கை மட்டும்தான் காட்டியிருக்கிறார்கள், இரண்டாவதைப் பற்றிப் பேச்சே வரவில்லை. எங்கள் வீட்டிலும் பெரியவளுக்கு இதேதான் நடந்தது.

மனோதத்துவமோ வரலாறோ படிக்கிற பிள்ளைக்கு ஜெனரல் எஜுகேஷன் முதலில் என்பது நல்ல யோசனை, ஏனென்றால் எந்தப் பாடத்தை எப்போது எடுத்தாலும் பெரிதாகக் குடி முழுகாது. கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்ஜினியரிங் அப்படி இல்லை. கால்குலஸ் ஒன்று முடித்தால்தான் இரண்டு, இரண்டு முடித்தால்தான் மூன்று. பிசிக்ஸ் முதல் பாடத்துக்கும் கால்குலஸ் வேண்டும். புரோகிராமிங் முடிக்காமல் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் கிடையாது. இந்தச் சங்கிலி எத்தனை செமஸ்டர் நீளமோ அத்தனை செமஸ்டர் அவன் அங்கே இருந்தாக வேண்டும், 27 யூனிட் கையில் இருந்தாலும் அது குறையாது.

இன்று ராத்திரியே அவனோடு உட்கார்ந்து அசிஸ்ட் (assist.org) இணையதளத்தைத் திறங்கள். முதலில் அவன் காலேஜ், அடுத்து போக நினைக்கிற யூசி, பிறகு மேஜர். எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று வரிசையாகக் காட்டும். யூசியின் மூன்று நான்கு கேம்பஸுக்கு எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எல்லாவற்றிலும் பொதுவாக வருகிற பாடங்கள்தான் அவன் முதலில் எடுக்க வேண்டியவை. டேவிஸ் கேட்பதை சான்டா குரூஸ் கேட்காமல் இருக்கலாம், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வளைகுடா_மீனா

தென்காசி அண்ணா சொன்னதெல்லாம் சரி. சம்மர் பற்றி மட்டும் நான் பட்டதைச் சொல்கிறேன். ஆறு வாரக் கால்குலஸில் சேர்ந்தேன், கூடவே கடையில் வேலை. மூன்றாவது வாரம் இன்டக்ரேஷன் வந்தபோது நான் இன்னும் செயின் ரூலிலேயே நின்றுகொண்டிருந்தேன். பாதியில் விட்டு டபிள்யூ (பாடத்தை விட்டதற்கான குறிப்பு) வாங்கினேன். டபிள்யூ ஜிபிஏவை (கிரேடு சராசரியை) தொடாது, ஆனால் ஒரே பாடத்தை மூன்று தடவைக்கு மேல் பொதுவாக எடுக்க விட மாட்டார்கள், அதில் ஒரு தடவை போய்விடும். அதே பாடத்தை ஃபாலில் பதினாறு வாரம் எடுத்தேன், ஏ வந்தது.

அவன் பிரீகால்குலஸ் நன்றாக முடித்தவன், சம்மரில் வேறு எதுவும் எடுக்கவில்லை என்றால் முயற்சி செய்யட்டும். அப்பா சொல்கிறார் என்பதற்காக மட்டும் வேண்டாம். முதல் கால்குலஸில் சி வாங்கிவிட்டு மேலே போகிறவனுக்கு இரண்டாவது கால்குலஸ் நரகமாக இருக்கும், டிரான்ஸ்ஃபரில் அவர்கள் முதலில் பார்ப்பதும் அந்த கிரேடுகளைத்தான்.

யூனிட் பயம் வேண்டாம் அக்கா. கம்யூனிட்டி காலேஜிலிருந்து எத்தனை யூனிட் கொண்டுபோனாலும் யூசி 70 செமஸ்டர் யூனிட் வரைதான் கணக்கில் சேர்க்கும், மீதிப் பாடங்களைப் படித்ததற்கான அங்கீகாரம் மட்டும் தரும். கம்யூனிட்டி காலேஜ் பாடங்கள் மட்டுமே எடுத்தவனை இதற்காகத் தள்ள மாட்டார்கள். 100 யூனிட்டைத் தாண்டினால்தான் காலேஜில் பாடம் பதிவதில் உள்ள முன்னுரிமை பறிபோகும். அவன் அந்தப் பக்கமே போகப் போவதில்லை.

தென்காசிக்காரன்

மீனா சொன்னதோடு சேர்த்து செலவையும் பாருங்கள். கலிபோர்னியாவில் குடியிருப்பவருக்கு ஒரு யூனிட் 46 டாலர். 12 யூனிட் எடுத்தாலும் ஒரு செமஸ்டருக்கு 552தான், புத்தகம் தனி. மூன்றாவது வருடம் அவ்வளவு பெரிய நஷ்டம் இல்லை. எங்கள் பெரியவள் மூன்று வருடம் எடுத்துத்தான் போனாள், அவளோடு போனவர்களில் பாதிப் பேர் அப்படித்தான்.

அடுத்த தடவை கவுன்சிலரை வரிசையில் நின்று பார்க்காதீர்கள். அரை மணி நேர அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள், செமஸ்டர் தொடங்குகிற வாரம் கிடைக்காது, நடுவில் கிடைக்கும். போவதற்கு முன்னால் மேஜரை மாற்றிவிட்டு, அசிஸ்ட் தாள்களைக் கையில் எடுத்துப் போகட்டும். "எனக்கு முழு எஜுகேஷன் பிளான் வேண்டும், செமஸ்டர் வாரியாக" என்று அவனே கேட்க வேண்டும். கேட்டால் செய்து தருவார்கள், அவர்கள் வேலையே அதுதான்.

டேக் என்கிற டிரான்ஸ்ஃபர் அட்மிஷன் கியாரண்டி (நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி) யூசியின் ஆறு கேம்பஸில் இருக்கிறது: டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ். ஒன்றுக்குத்தான் போட முடியும், அதுவும் செப்டம்பரில் மட்டும். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோவில் கிடையாது. மேஜருக்கு மேஜர் நிபந்தனை மாறும், சில மேஜர்களுக்கு டேக்கே இல்லை, அதைக் கவுன்சிலரிடம் கட்டாயம் கேளுங்கள். கால் ஸ்டேட் (கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) பக்கம், கம்யூனிட்டி காலேஜில் ஏடிடி என்கிற டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் டிகிரி வாங்கினால் அந்த அமைப்பில் ஓரிடம் நிச்சயம், ஆனால் சான் ஹோசே ஸ்டேட்டிலேயே கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை. இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஏமாந்தவர்கள் நிறைய.

பிரீமாண்ட்_அம்மா

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மேஜரை மாற்றிவிட்டான். அப்பாயின்ட்மென்ட்டுக்கு அவன் மட்டும்தான் உள்ளே போனான், நான் காரில் இருந்தேன். நாற்பது நிமிடம் கழித்து வந்தான். வேறு கவுன்சிலராம், தாள்களைப் பார்த்ததும் "இதை வைத்து நாம் வேலை செய்யலாம்" என்றாராம்.

சம்மரில் கால்குலஸ் இல்லை. ஃபாலில் கால்குலஸ் ஒன்றும் சி++ புரோகிராமிங்கும், ஸ்பிரிங்கில் (வசந்தகால செமஸ்டர்) கால்குலஸ் இரண்டு, பிசிக்ஸ், அடுத்த புரோகிராமிங். 2027 ஃபாலில் கால்குலஸ் மூன்று, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அந்தச் செப்டம்பரில் டேக், பிறகு விண்ணப்பம். 2028 ஃபாலில் டிரான்ஸ்ஃபர். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறான். என் கணவர் இரண்டு நாள் அதைப் பார்த்துப் பேசாமல் போனார், நேற்றுதான் "பிசிக்ஸ் லேப் எந்தக் கிழமை?" என்று கேட்டார்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி. லீனியர் ஆல்ஜீப்ராவை 2027 ஃபாலிலேயே கால்குலஸ் மூன்றோடு சேர்த்து எடுக்கலாமா, அல்லது கடைசி ஸ்பிரிங்குக்கு விட்டுவிடுவது நல்லதா? எடுத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வளைகுடா_மீனா

ஸ்பிரிங்குக்கு விடுங்கள் அக்கா. விண்ணப்பத்தில் "எடுக்கப் போகும் பாடம்" என்று காட்டினால் போதும், ஜனவரியில் அப்டேட் செய்யச் சொல்வார்கள், அதை மட்டும் மறக்காமல் செய்யச் சொல்லுங்கள். ஸ்பிரிங் முடிவதற்குள் சி அல்லது அதற்கு மேல் வாங்கி முடித்துவிட வேண்டும். நான் ரெண்டையும் ஒன்றாக எடுத்தேன், அந்த செமஸ்டர் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததாகவே நினைவில்லை.