பனிப்புயல் நாளில் அம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்து பார்க்க ஒரு படம் சொல்லுங்கள்

சுன்னாகத்துப் பேத்தி, ஸ்காபரோ:

நாளைக்குப் பனிப்புயல் எச்சரிக்கை. பள்ளிக்கூட பஸ் ஓடாது என்றே நினைக்கிறேன். பகல் முழுவதும் ஐந்து பேரும் வீட்டுக்குள்தான். ஒரே சோபாவில் இருந்து ஒரே படம் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஆளுக்கொரு ஐபேடைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு அறைக்குப் போவதைப் பார்த்து அலுத்துவிட்டது.

சிக்கல் இதுதான். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான். சப்டைட்டில் படிக்கக் கண் உதவாது. பதினொரு வயது மகனுக்குத் தமிழ் விளங்கும், ஆனால் படத்தில் வேகமாகப் பேசினால் "என்ன சொன்னார்கள்?" என்று நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்பான். ஏழு வயது மகள் துப்பாக்கிச் சத்தம் கேட்டாலே அழுவாள். இவர் சவளை எடுத்து வாசலில் பனி அள்ளிவிட்டு வந்து சாய்ந்தால் குறட்டைதான், அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பேய்ப் படம் சொல்பவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குப் போகவும்.

மார்க்கம் மாமா:

'ரோஜா' போடுங்கள், தங்கச்சி. 1992இல் வந்த படம் என்றாலும் பனியும் பாட்டும் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கின்றன. அம்மாவுக்கு ஒரு சொல்லும் தப்பாது.

சுன்னாகத்துப் பேத்தி:

அண்ணா, அதில் ஆளைக் கடத்துகிறார்கள், சுடுகிறார்கள். மகள் அழ, அவளைப் பார்த்து அம்மாவும் அழுவார். அம்மாவுக்கு அந்தச் சத்தங்கள் போதும் போதுமென்று ஊரிலேயே கேட்டாயிற்று.

பழைய படப்பெட்டி:

பேச்சுத்தானே உங்கள் வீட்டுத் தொல்லை? பேச்சே இல்லாத படத்தைப் போடுங்கள். சாப்ளினின் 'த கோல்ட் ரஷ்', 1925. கதை நடப்பது நம் கனடாவின் யூகோனில், குளொண்டைக்கில் தங்கம் தேடி ஆயிரக்கணக்கானோர் ஓடிய காலத்தில். படம் முழுக்கப் பனி. ஆனால் பெரும்பகுதி ஹொலிவூட் ஸ்டூடியோவுக்குள் உப்பையும் மாவையும் கொட்டி எடுத்தது. மலைக்கணவாயில் ஆட்கள் வரிசையாக ஏறும் தொடக்கக் காட்சிதான் கலிபோர்னியாவில் உண்மையான பனியில் எடுத்தது.

பசியில் கூட்டாளிக்குச் சாப்ளின் ஒரு பெரிய கோழியாகத் தெரிவார். மகனுக்கு அது ஒன்றே போதும். இரண்டு முட்கரண்டிகளில் பாண் துண்டுகளைக் குத்தி ஆட வைக்கும் இடத்தை அம்மாவுக்காகச் சொல்கிறேன். புயலில் நகர்ந்து போன குடிசை மலை விளிம்பில் பாதி தொங்கியபடி ஆடும்போது நால்வரும் ஒரே நேரத்தில் கத்துவீர்கள். துப்பாக்கி வரும்தான், ஆனால் வெடிச்சத்தம் வராது!

ஒன்று மட்டும் கவனம்: சாப்ளினே 1942இல் தன் குரலில் கதை சொல்லி ஒரு பதிப்பு வெளியிட்டார். அது வேண்டாம், அந்த ஆங்கிலம் உங்களுக்குக் குறுக்கே நிற்கும். 1925 பதிப்பில் இடையிடையே வரும் எழுத்து அட்டைகளை மகன் வாசித்துத் தமிழில் சொல்லட்டும்.

நூலகத்து அக்கா:

அதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்க முடியுமானால் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தின் 'த ஸ்வெட்டர்' என்ற கார்ட்டூன் குறும்படம், 1980. வாரியத்தின் இணையதளத்தில் இலவசம். கியூபெக் கிராமத்தில் மொன்றியல் ஐஸ் ஹொக்கி அணியின் மேல் பைத்தியமாக இருக்கும் ஒரு சிறுவனுக்கு, அம்மா தபாலில் வரவழைத்த சட்டை எதிரணியான ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸின் சட்டையாக வந்து சேர்கிறது. திருப்பி அனுப்பினால் கடைக்காரர் மனம் நோகும் என்று தாய் அதையே போடச் சொல்வாள். உங்கள் அம்மாவுக்கு அந்தத் தாயை உடனே பிடித்துவிடும். இந்தக் கதையின் ஒரு வரி முன்பு நம் ஐந்து டொலர் தாளில்கூட இருந்தது.

ஏஜாக்ஸ் தம்பி:

எந்தப் படமானாலும் இன்றிரவே தரவிறக்கி வைத்துவிடுங்கள், அக்கா. 2013 டிசம்பரில் உறைமழை பெய்தபோது ரொறன்ரோவில் மட்டும் சுமார் 3 இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. பலருக்கு நத்தார் இருட்டில்தான். அப்போது ஐபேட் கைகொடுக்கும், ஐந்து தலைகளும் அதன் முன்னால்.

சுன்னாகத்துப் பேத்தி:

முதலில் ஸ்வெட்டர், பிறகு சாப்ளின். இரண்டும் பார்த்து முடித்தோம். மின்சாரம் போகவில்லை. மகன் அட்டைகளை வாசித்துச் சொன்ன தமிழுக்கே அம்மா பாதி நேரம் சிரித்தார். ஆனால் சாப்ளின் சப்பாத்தை அவித்துத் தின்றதிலிருந்து அவருக்கு ஒரே கவலை. "பாவம், மெய்யாகவே தின்றானோ?" என்று இரவு சாப்பாட்டிலும் கேட்கிறார். யாருக்காவது தெரியுமா?

பழைய படப்பெட்டி:

அம்மாவிடம் சொல்லுங்கள், அது அதிமதுர மிட்டாயில் செய்த சப்பாத்து. ஆனால் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்ததில் தின்ற இருவருக்கும் வயிறு கலங்கிவிட்டதாகச் சொல்வார்கள்.