கம்பிடென்ட் செல் யார் செய்தது? ஐஜெம் குழுக்களில் பெயர் போட்ட, விட்ட அனுபவங்கள்

ஐஜெம் போட்டிக்குப் போய்வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். மரபணுக்களை இணைத்துச் செய்யும் ஜீன் சர்க்யூட் பற்றி, பதக்கம் பற்றி, பாரிஸ் பயணம் பற்றி எழுதுகிறோம். 'அட்ரிபியூஷன்ஸ்' பக்கத்தைப் பற்றி மட்டும் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. குழுவில் யார் எந்த வேலையைச் செய்தார்கள், வழிகாட்டிகள் எதில் கைகொடுத்தார்கள், வெளியாட்கள் யார் உதவினார்கள் என்று சொல்லும் பக்கம் அது. அதில் நான் செய்த தப்பை முதலில் சொல்கிறேன். உங்களுடையதையும் எழுதுங்கள்.

புதிதாக வருபவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். செல்லுக்குப் புதிய வேலை கற்றுத்தரும் செயற்கை உயிரியலில் மாணவர் குழுக்களுக்கான போட்டி ஐஜெம். 2003 ஜனவரியில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஒரு மாத வகுப்பாகத் தொடங்கியது. 2004இல் ஐந்தே குழுக்களோடு போட்டியானது. 2006இல் பெங்களூரு என்சிபிஎஸ் ஆய்வு நிறுவன மாணவர்கள் கலந்துகொண்டார்கள். இப்போது உலகெங்கிலுமிருந்து முந்நூறு, நானூறு குழுக்கள் வருகின்றன. ஒவ்வொரு குழுவும் தன் வேலை முழுவதையும் விக்கி என்னும் இணையதளத்தில் எழுத வேண்டும். குறித்த நாளில் அதைப் பூட்டிவிடுவார்கள். விக்கி ஃப்ரீஸ் என்று சொல்வோம். அப்புறம் ஒரு கால்புள்ளியைக் கூட மாற்ற முடியாது. வெண்கலப் பதக்கத்துக்கே அட்ரிபியூஷன்ஸ் கட்டாயம்.

நாங்கள் போனது 2022. ஜூன் கடைசியில் டிரான்ஸ்ஃபர்மேஷன் ஆரம்பித்தோம். ஈ. கோலை என்னும் பாக்டீரியாவின் செல்லுக்குள் நம் டிஎன்ஏவை ஏற்றுகிற வேலை. செல்லை ஐஸில் வைத்து, டிஎன்ஏ சேர்த்து, அரை மணி நேரம் காத்திருந்து, 42 டிகிரி தண்ணீரில் 45 விநாடி முக்கி, உடனே மறுபடியும் ஐஸில் வைக்க வேண்டும். படிப்பதற்குச் சுலபம். எங்களுக்கு மூன்று வாரம் ஒன்றுமே வரவில்லை. தினமும் காலையில் இன்குபேட்டரைத் திறந்து, செல்லைப் பரப்பி வைத்த தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். வெறும் அகர் ஜெல்லி, பளபளவென்று.

எங்கள் துறையின் ஆய்வகத்தில் ஒரு அண்ணன் உதவியாளராக இருந்தார். பாக்டீரியாவுக்கு உணவாகும் மீடியா காய்ச்சுவது, கிருமி நீக்க ஆட்டோகிளேவ் போடுவது, கால்சியம் குளோரைடு வைத்து, வெளி டிஎன்ஏவை உள்ளே வாங்கக்கூடிய கம்பிடென்ட் செல் தயாரிப்பது எல்லாம் அவர்தான். பட்டம் எதுவும் கிடையாது. ஒருநாள் மதியம் நாங்கள் வாட்டர் பாத் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது வந்து கேட்டார்: "தண்ணி 42 இருக்குன்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

நாங்கள் சிவப்பு எண் எரியும் டிஸ்பிளேயைக் காட்டினோம். அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டரை எடுத்தார். தண்ணீருக்குள் விட்டு, அடியில் படாமல் பிடித்துக்கொண்டு, குனிந்து கண் மட்டத்துக்கு வைத்துப் பார்த்தார். இரண்டு நிமிஷம் பேசவில்லை. பிறகு என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். 38.

மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்கு வந்து புதிதாக ஒரு பேட்ச் செல்லும் செய்து வைத்துவிட்டார். அதற்கடுத்த நாள் தட்டைத் திறந்தால், கேசரிப் பவுடர் தூவினது போலச் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். நாங்கள் ஏற்றிய டிஎன்ஏவின் சிவப்பு ஒளிர் புரதம் வேலை செய்திருந்தது. நாங்கள் கத்தின கத்தில் பக்கத்து லேப்பிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள்.

சரி, விக்கி ஃப்ரீஸ் ராத்திரிக்கு வருகிறேன். அட்ரிபியூஷன்ஸ் எழுதும் பொறுப்பு எனக்கு. மணி இரண்டு. லேப் நோட்டைப் புரட்டினேன். எல்லாமே ஆங்கிலத்தில், எல்லாமே செயப்பாட்டு வினையில். செல் தயாரிக்கப்பட்டது. வெப்பநிலை சரிபார்க்கப்பட்டது. தட்டுகள் ஊற்றப்பட்டன. நாங்கள் எழுதின நோட்டுதான். அதில் எங்கள் பெயரும் இல்லை, அவர் பெயரும் இல்லை. ஞாபகத்தில் இருந்ததை வைத்து ஒவ்வொரு மாணவர் பெயருக்கும் நேரே நாலு வரி எழுதினேன். பேராசிரியர்களுக்கு ஒரு பத்தி. கடைசியில் "ஆய்வக ஊழியர்கள் அனைவருக்கும் நன்றி" என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

பாரிஸ் கிளம்புவதற்கு முந்தின வாரம் என் போனில் அந்தப் பக்கத்தை அவருக்குக் காட்டினேன். அவர் பெயரை விட்டது அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. விரலால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே கீழே வரை போனார். ஒருமுறை மேலே வந்து மறுபடியும் கீழே போனார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அங்க குளிருமாம், ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போம்மா" என்றார்.

அவர் எதைத் தேடினார் என்று பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. பக்கம் பூட்டியாகிவிட்டது. இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

*

அக்கா, உங்களுக்கு நேர்ந்ததையும் தாண்டிய ஒன்று எங்களுக்கு நடந்தது. செய்தவர் பெயரை விட்டதோடு நிற்காமல், அவர் செய்ததை எங்கள் வேலை என்றே எழுதிவிட்டோம்.

எங்கள் குழுவுக்கு ஆலோசகராக ஒரு பிஎச்.டி அக்கா இருந்தார். டிஎன்ஏ துண்டுகளை ஒட்டும் கிப்சன் அசெம்பிளிக்கான பிரைமர்கள் என்னும் சிறு டிஎன்ஏ இழைகள் அத்தனையும் அவர் டிசைன் செய்தவை. நாங்கள் ஆர்டர் போட்டோம், குழாயில் கலந்தோம், 50 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தோம். விக்கியில் "பிரைமர் டிசைன்: மாணவர்கள்" என்று போட்டுவிட்டோம். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமே கிடையாது. ஆலோசகர் செய்ததைச் சொன்னால் மதிப்பெண் குறையும் என்று சீனியர் யாரோ சொன்னதை நம்பினோம்.

நடுவர் ஒருவர் போஸ்டர் முன்னால் வந்து நின்று, துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தும் ஓவர்லாப் பகுதியை ஏன் இத்தனை நீளத்துக்கு வைத்தீர்கள் என்று கேட்டார். நாங்கள் நாலு பேர். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைசியில் நான்தான் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஆலோசகர் உதவியது தவறே இல்லை, அதை எழுதியிருந்தால் நீங்கள் எதைச் செய்தீர்கள் என்று எனக்குச் சரியாகத் தெரிந்திருக்கும் என்றார். அதோடு வேறு கேள்விக்குப் போய்விட்டார்.

அந்தப் பக்கம் எதற்காக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நன்றி சொல்வதற்கு வேறு இடம் இருக்கிறது. இது கணக்கு. மாணவர் வேலை எங்கே முடிகிறது, மற்றவர் வேலை எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டுகிற இடம்.

*

நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். எங்கள் புராஜெக்ட், கடல்பாசிக் கழிவிலிருந்து சர்க்கரை பிரிக்கும் நொதியைப் பற்றியது. திட்டம் தொடும் மக்களிடம் கேட்டறிந்து எழுதும் ஹ்யூமன் பிராக்டிசஸ் பகுதிக்காகப் பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்துப் பேச மண்டபம் பக்கம் ஒரு மீனவக் கிராமத்துக்குப் போனோம்.

நம் லேப்பில் ஊற்றுகிற அகர் எங்கிருந்து வருகிறது என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. மரிக்கொழுந்துப் பாசி என்று அங்கே சொல்கிறார்கள். அகர் எடுப்பது அதிலிருந்துதான். அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள் கடலுக்குப் போகிறார்கள். ஒரு அம்மா தன் சாமான்களை எடுத்துத் திண்ணையில் பரப்பிக் காட்டினார். கண்ணாடி, இடுப்பில் கட்டும் வலைப்பை, காலில் துடுப்பு மாதிரி கட்டிக்கொள்ள அலுமினியத் தகடு, விரலில் சுற்றத் துணிக் கிழிசல். பாறையைத் தடவித் தடவிப் பாசியைக் கிள்ளும்போது விரல் அறுந்துவிடுமாம். துணியைப் பிரித்து விரலைக் காட்டினார். நகத்தைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை வெள்ளையாகக் கோடுகள்.

பாசியை எப்போது எடுத்தால் மறுபடி முளைக்கும், வேரோடு பிடுங்கினால் என்ன ஆகும், எந்த மாதம் விட்டுவிட வேண்டும் என்று அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எங்கள் திட்டத்தின் பாதியை மாற்றினோம். ஊர் திரும்பியதும் விக்கியில் "உள்ளூர் சமூகத்தினர்" என்று எழுதப் போனோம். எங்கள் பேராசிரியர் நிறுத்தினார். பேராசிரியர் ஒருவர் இதே அறிவுரையைக் கொடுத்திருந்தால் இப்படித்தான் எழுதுவீர்களா என்று கேட்டார்.

மறுபடியும் போய்க் கேட்டோம். அந்த அம்மா உடனே சம்மதித்தார். தன் பெயரோடு அம்மா பெயரையும் சேர்க்கச் சொன்னார், தனக்கு முங்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான் என்று. பக்கத்தில் இருந்த இன்னொருவர் கையை வேகமாக ஆட்டினார். "எம் பேரு வேணாம் தம்பி." மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அந்தப் பக்கம் போவதற்குத் தடை. பெயர் எங்காவது அச்சில் வந்தால் தனக்குத் தொல்லை வருமோ என்று பயந்தார். அவர் சொன்ன தகவலை "பாசி எடுக்கும் தொழிலாளி ஒருவர், அவர் கேட்டுக்கொண்டபடி பெயர் தரவில்லை" என்று எழுதினோம். மரியாதைக்காக இரண்டு பேருக்குமே பெயர் போட்டிருந்தால் ஒருவருக்குக் கெடுதல் செய்திருப்போம். பெயர் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

*

தம்பி அகர் பற்றி எழுதியதால் இதைச் சொல்லத் தோன்றியது. நான் ஒரு கல்லூரியில் சில வருடங்களாகக் குழுவுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன்.

1881இல் வால்டர் ஹெஸ்ஸே என்பவர் பாக்டீரியா வளர்க்க ஜெலட்டின் வைத்துத் தவித்துக்கொண்டிருந்தார். கோடை வெயிலில் உருகி ஓடிவிடும். அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே அடுப்பங்கரையில் ஜெல்லிக்கு அகர் போடுபவர். ஜாவாவில் இருந்துவந்த பக்கத்து வீட்டார் சொல்லிக்கொடுத்தது. அதைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். 37 டிகிரியில் கல் மாதிரி நின்றது. ஹெஸ்ஸே வேலை செய்த ஆய்வகத்தின் தலைவர் ராபர்ட் காக் 1882இல் காசநோய்க் கிருமி பற்றி எழுதிய கட்டுரையில் அகர் வருகிறது, ஃபேனி வரவில்லை. அந்தப் பக்கத்து வீட்டாரின் பெயர் யாருக்குத் தெரியும்? முதல் வகுப்பிலேயே என் மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன்.

நான் செய்த தவறையும் எழுத வேண்டும். ஒரு வருடம், எங்கள் ஜீன் சர்க்யூட்டின் மூல யோசனையைத் தந்த மாணவி ஜூனில் வீட்டுச் சூழ்நிலையால் விலகிவிட்டார். அக்டோபரில் பட்டியல் எழுதும்போது, இருப்பவர்களை மட்டும் போடுங்கள் என்று நானே சொன்னேன். கூட இருந்த யாரும் மறுத்துப் பேசவில்லை. பிறகு அந்தப் பெண் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது என்னிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தார். இந்த யோசனை இவருடையது என்று எழுத உட்கார்ந்தேன். எங்கள் விக்கியிலேயே அதற்குச் சாட்சி இல்லை. கடிதத்தில் அதை விரிவாக எழுதினேன், அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

இப்போது ஆய்விதழ்களில் கிரெடிட் என்ற முறை இருக்கிறது. யோசனை, செய்முறை, மென்பொருள், தரவு, மேற்பார்வை, நிதி என்று 14 வகையாகப் பங்கைப் பிரித்துச் சொல்கிறார்கள். ஐஜெமிலும் 2023 முதல் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே மாதிரிப் படிவம். படிவம் வந்தது நல்லதுதான். ஆனால் ஜூனில் போனவரை அக்டோபரில் நினைவுவைக்கிற வேலையைப் படிவம் செய்யாது.

*

வணக்கம். இந்த வருடம்தான் முதல்முறை போகிறோம். நான் டிரை லேப், அதாவது கணினிப் பக்கம். நாலு மாதம் உட்கார்ந்து ஒரு மாடல் எழுதினேன். லேப்பில் கிடைத்த அளவுகளோடு அது பொருந்தவே இல்லை, கைவிட்டோம். இதை என் பெயருக்கு நேரே எழுதலாமா? குழுவில் ஆளுக்கொரு கருத்து சொல்கிறார்கள்.

*

தம்பி, கண்டிப்பாக எழுதுங்கள். "மாடல் எழுதினார், சோதனை முடிவோடு பொருந்தவில்லை, அதனால் பயன்படுத்தவில்லை" என்று அப்படியே எழுதுங்கள். எதனால் பொருந்தவில்லை என்பதையும் மாடல் பக்கத்தில் வையுங்கள். அடுத்த வருடம் இன்னொரு குழு அதே வழியில் நாலு மாதம் செலவழிக்காமல் இருக்கும்.

எல்லோருக்கும் நன்றி. இத்தனை பேர் மனம் திறந்து எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. சார், உங்கள் ஜூன் கதையைப் படித்ததும் எங்கள் குழுவின் வாட்ஸாப் குரூப்பில் யார் யார் வெளியேறியிருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தேன். இரண்டு பேர். இரண்டு பேருக்கும் போன் செய்துவிட்டேன்.

நான் இப்போது ஒரு ஜூனியர் குழுவுக்கு ஆலோசகர். லேப் நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் செய்தவர் பெயரின் முதல் எழுத்தைப் போடச் சொல்லியிருக்கிறேன். "செய்யப்பட்டது" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வாரத்து நோட்டைப் பார்த்து அட்ரிபியூஷன்ஸ் ஷீட்டை நிரப்பிவிடுகிறார்கள், அரை மணி நேர வேலை. செப்டம்பரில் எல்லோருக்கும் அவரவர் வரியைப் படித்துக்காட்டி, சரிதானா என்று கேட்கிறார்கள். சென்ற மாதம் அப்படிக் கேட்டபோது ஒரு பையன், தட்டு ஊற்றியதில் பாதி தான் இல்லை, தன் ரூம்மேட் என்றான். அந்த ரூம்மேட் மெக்கானிக்கல் மாணவன். ராத்திரி துணைக்கு வந்து உட்கார்ந்திருந்தவன். அவன் பெயரும் ஏறியது.

அந்த அண்ணன் இப்போதும் அதே லேப்பில்தான் இருக்கிறார். போன வாரம் ஜூனியர்கள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு போய், அவர் செய்த வேலைகளை எழுதிவைத்திருந்த தாளை அவரிடம் கொடுத்தேன். கம்பிடென்ட் செல் பதினோரு பேட்ச், மீடியா, ஆட்டோகிளேவ், வாட்டர் பாத் அளவீடு, தட்டில் பாக்டீரியாவைக் கோடிழுத்துப் பரப்பும் ஸ்ட்ரீக் வேலையைப் புது மாணவர்களுக்குப் பழக்கியது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஒன்றைத் திருத்தினார். பதினொன்று இல்லை, பன்னிரண்டு; ஒரு பேட்ச் சரியாக வராமல் தானே கொட்டிவிட்டாராம், அதையும் சேர்க்கச் சொன்னார். பெயரில் எங்கள் பிள்ளைகள் இனிஷியலைக் கடைசியில் போட்டிருந்தார்கள். ரேஷன் கார்டில் இருக்கிற மாதிரி முன்னால் வரட்டும் என்றார். அப்படியே மாற்றிவிட்டோம்.