கருப்பசாமி துணை: குடும்பக் குழு, பங்குனிப் பொங்கல் வாரம்

செவ்வாய்

[காலை 6:05] சந்திரன்: அனைவருக்கும் வணக்கம். இந்த வருடம் பங்குனிப் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி 3,000 ரூபாய் என்று நேற்றுக் கோயில் கூட்டத்தில் முடிவாகிவிட்டது. அடுத்த புதன் ராத்திரி நாடகம். வள்ளி திருமணம். மதுரைக்குப் போய்ப் பேசி அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. கதாநாயகன் ராஜபார்ட்டும் ஆர்மோனியமும் புதுக்கோட்டை. வள்ளியாக வரும் ஸ்திரீபார்ட் திண்டுக்கல். கோமாளி வேடத்துக்குப் பபூன் மட்டும் இன்னும் அமையவில்லை.

[6:19] முருகேசன்: பபூனுக்கு நான் இருக்கேன் பெரிய மச்சான்

[6:20] கதிர்: மாமா மீசை

[6:20] கதிர்: 😂😂

[6:22] முருகேசன்: அது எமன் வேசம்டா. பசை சரியில்ல. எத்தன வருசத்துக்குச் சொல்லுவீக

[6:40] பாண்டி: வரி அனுப்பிட்டேன் அண்ணே

[7:02] மல்லிகா: (படம்)

[7:02] மல்லிகா: இது நம்ம தேனுதான

[7:03] மல்லிகா: யாரோ ஸ்டேட்டஸ்ல போட்ருக்காகன்னு பிரியா காட்டுனா

[7:04] பிரியா: அம்மா உனக்கு மட்டும்தான் காட்டுனேன். குரூப்ல ஏன் போட்ட

[7:06] உமா: அய்யோ தலைய விரிச்சுப் போட்ருக்கா. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. என்னாச்சு பிள்ளைக்கு

[7:07] பிரியா: ஒண்ணும் ஆகல மதினி. நாடகம். பாஞ்சாலி வேசம்

[7:09] மல்லிகா: சினிமாவுல நடிக்கப் போறாளாமே. திருமங்கலத்துல என்கிட்டயே ஒருத்தி கேக்குறா

[7:15] மல்லிகா: செல்வி. ஞாயித்துக்கிழம மாப்ள வீட்டுலருந்து பாக்க வர்றாக. ஞாபகம் இருக்கா. பையன் ஈபியில இருக்கான். இந்தப் போட்டோவ அவுக பாத்தா என்ன சொல்றது. மொதல்ல அத அழிக்கச் சொல்லு

[7:31] செல்வி: மதினி நான் அவகிட்ட பேசிக்கிறேன். இங்க வேணாம்

[7:32] மல்லிகா: இங்க பேசாம எங்க பேசுறது. எனக்குத்தான் எதுவுமே கடைசியில தெரியுது. கதிர் கல்யாணத்துலயும் அப்படித்தான். எல்லாரும் மேடையில நின்னு போட்டோ எடுத்தீக, என்னைய ஒருத்தர் கூப்பிடல

[7:33] கதிர்: அத்த 🙏 ஆறு வருசமாச்சு

[7:33] மல்லிகா: ஆகட்டும்

[பகல் 1:48] தேன்மொழி: எல்லாருக்கும் வணக்கம். இப்பத்தான் சாப்பாட்டு நேரம் கெடச்சுது. படத்துல இருக்கது நான்தான் அத்தை. சினிமா இல்ல, நாடகம். சனிக்கிழமை ராத்திரி 7 மணிக்கு இங்க சென்னையில நடக்குது. எட்டேகாலுக்கு முடிஞ்சுரும். பஸ் ஏறுனா விடியக்காலம் வீட்டுல இருப்பேன். பாக்க வர்றவங்க பாக்கட்டும். ஆனா போட்டோவ அழிக்கச் சொல்ல மாட்டேன்

[1:50] மல்லிகா: ஏன்

[1:52] தேன்மொழி: ஆறு மாசமா ஆபீஸ் விட்டு நேரா ஒத்திகைக்குப் போறேன் அத்தை. முதல் ரெண்டு மாசம் வசனமே கெடையாது. நிக்கவும் நடக்கவும் மூச்சு விடவும் மட்டும்தான் சொல்லிக் குடுத்தாங்க. நான் மூச்ச மேல் நெஞ்சுலயே வச்சுப் பேசுறேன்னு அங்க போயித்தான் தெரிஞ்சுது. சபையில பாஞ்சாலி கேக்குற ஒரு கேள்விய கடைசி வரிசைக்குக் கேக்கணும், ஆனா கத்தக் கூடாது. அது வர நாலு மாசம் ஆச்சு. அத எதுக்கு மறைக்கணும்

[1:53] உமா: சம்பளம் எவ்ளோ தேனு

[1:55] தேன்மொழி: ஒண்ணும் இல்ல மதினி. டிக்கெட் காசு அரங்க வாடகைக்கும் லைட்டுக்கும் சரியாப் போயிரும்

[1:55] மல்லிகா: அது சரி

[2:10] தேன்மொழி: இன்னொண்ணும் சொல்லிர்றேன். மறைச்சுட்டேன்னு பின்னாடி வர வேணாம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துல நாடகத்துக்கு ரெண்டு வருச மேற்படிப்பு இருக்கு. அதுக்கு நுழைவுத் தேர்வு எழுதிட்டு வந்துட்டேன். ரிசல்ட் இன்னும் வரல

[2:11] பிரியா: 👏👏👏

[2:12] மல்லிகா: பிரியா போன வை

[2:30] செல்வி: எழுதுனியா

[2:31] தேன்மொழி: ஆமாம்மா

[2:31] செல்வி: உங்கப்பாவுக்குத் தெரியுமா

[2:40] பாண்டி: இப்பத்தான் பாக்குறேன்

[மாலை 5:20] சந்திரன்: அன்புள்ள தேன்மொழி, உன் பெரியப்பா 34 வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தவன். நாடகத்தைக் குறைவாகப் பேச மாட்டேன். சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அடுத்த புதன் நாம் வைத்திருக்கும் வள்ளி திருமணமே அவர் எழுதியதுதான். 1918-ல் நம் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்தார். 1922-ல் புதுச்சேரியில் காலமானார். சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. நீ படிக்க நினைக்கிற துறைக்கும் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் பெருமை. ஆனால் கலை வேறு, குடும்பம் வேறு அம்மா. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளை எடுத்துக்கொள். 1935-ல் ஆண் வேடத்தில் ஒரு படம் நடிக்க ஒரு லட்சம் ரூபாய் வாங்கினவர். அந்தக் காலத்து லட்சம்! ஆனால் கணவர், நாடக நடிகர் கிட்டப்பா 1933-ல் இறந்தபோது அந்த அம்மாவுக்கு வயது 25. அன்று கட்டிய வெள்ளைச் சேலையை 1980-ல் கண் மூடும் வரை மாற்றவில்லை. பேர், புகழ், பணம் எல்லாம் இருந்தும் வாழ்க்கை என்ன ஆயிற்று என்று யோசி. படித்துவிட்டுப் பிறகு வேலைக்கு என்ன செய்வாய் என்பதையும் யோசி. பெரியவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

[5:24] கதிர்: அப்பா கிட்டப்பா செத்ததுக்கு நாடகம் என்ன பண்ணும்

[5:26] முருகேசன்: மனோரமா ஆச்சியும் பள்ளத்தூர் நாடகத்துல இருந்து வந்தவகதான

[5:27] முருகேசன்: எம்ஜிஆரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி

[5:28] கதிர்: பசங்க போனா முதலமைச்சர். பொண்ணுக போனா பேச்சு

[5:30] மல்லிகா: நீ துபாய்ல உக்காந்து பேசு. உனக்கா மாப்ள பாக்குறோம்

[5:44] தேன்மொழி: பெரியப்பா, வேலைக்கு வழி இருக்கு. யுஜிசி நெட் தேர்வுல நடனம், நாடகம் ரெண்டுக்கும் சேத்து ஒரு பாடம் இருக்கு. எழுதிப் பாஸ் பண்ணுனா காலேஜ்ல சொல்லிக் குடுக்கலாம். சும்மா கெளம்பல. நடிக்கணும், முடிஞ்சா பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும். உங்ககிட்ட இருந்துதான் அந்த ஆசை வந்துச்சு. நாலாப்பு படிக்கையில ராத்திரி முழுக்க உங்க மடியில உக்காந்துதான் வள்ளி ஆலோலம் பாடுறதப் பாத்தேன். நாரதர் கேக்குற கேள்விக்கெல்லாம் அவங்க அங்கனயே பதில் கட்டுவாங்கல்ல. ஒத்திகையே இல்லாம, அன்னைக்குச் சாயங்காலந்தான் முதல் தடவ பாத்த ஆளு கூட நின்னு

[5:50] சந்திரன்: ஆம். அதுதான் ஸ்பெஷல் நாடகம். நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி வரவழைப்பது. தர்க்கம் கட்டுவதற்குப் படிப்பு வேண்டும். புராணம் தெரியாமல் அந்த மேடையில் நிற்க முடியாது.

[5:52] தேன்மொழி: பெரியப்பா ஒண்ணு கேக்கட்டா

[5:52] தேன்மொழி: திண்டுக்கல்ல இருந்து வர்ற அந்த அக்கா எங்க உடை மாத்துவாங்க

[6:10] சந்திரன்: பள்ளிக்கூட வராந்தாவில் சேலையால் மறைப்புக் கட்டுவோம். எப்போதும் அப்படித்தானே.

[6:11] தேன்மொழி: கழிப்பறை?

[6:25] கதிர்: ஸ்கூல் பாத்ரூம் பூட்டியே கெடக்கும்

[6:26] முருகேசன்: சாவி யாருகிட்ட

[6:27] உமா: மோட்டார் ரூம் சாவியோட சேத்துத் தொங்கும். மாமாகிட்டதான்

[6:28] மல்லிகா: மோட்டார் சாவி அண்ணேகிட்ட இருக்கதாலதான் தம்பி தோட்டத்துக்குத் தண்ணி பாயல

[6:29] பாண்டி: அக்கா அத விடு

[6:30] மல்லிகா: நான் உனக்காகத்தான பேசுறேன்

[6:31] சந்திரன்: மோட்டார் விஷயம் இங்கே வேண்டாம். காயில் எரிந்து கிடக்கிறது. யார் மாற்றினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

[6:33] உமா: அப்பத்தா மாத்திர போடலன்னு கத்துது. நான் போறேன்

[இரவு 11:36] செல்வி: தேனு முழிச்சிருக்கியா

[11:37] செல்வி: பெரிய மாமா மன்னிக்கணும். எல்லாரும் இருக்கையில சொல்லணும்னு தோணுது. தப்பா இருந்தா விட்ருங்க

[11:41] செல்வி: கல்யாணமாகி வந்த முத பங்குனி. அன்னைக்கும் வள்ளி திருமணந்தான். வள்ளியா வந்த பிள்ளைக்கு என் வயசுதான் இருக்கும். என்னா கொரலு. நான் சாமிய பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு இருந்தேன்

[11:43] செல்வி: நம்ம ஊரு ஆம்பளைக மேடையில ஏறி ஏறி ரூவா நோட்டு குத்துனாக. அன்பளிப்புன்னு மைக்ல சொல்லச் சொல்லி. குத்துற சாக்குல கைய எங்க வச்சாகன்னு பொம்பளைக நாங்க கீழ இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். அவ பாட்டு நிக்கல. ஒரு அடி பின்னால போயி பாடுனா

[11:44] செல்வி: அன்னைக்கு மேடையில ஏறுனவுகள்ல இந்த குரூப்புல இருக்கவுகளும் உண்டு. பேர் சொல்லல

[11:47] செல்வி: விடிஞ்சு நான் வாசத் தெளிக்க வந்தா நம்ம திண்ணையில உக்காந்து கைப்பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருக்கா. அரிதாரம் பாதிதான் கலைஞ்சிருக்கு. முத பஸ்ஸுக்கு நேரம் இருக்கு, உள்ள கொஞ்சம் போயிட்டு வரட்டா அக்கான்னு கேட்டா. எனக்கு எதுக்குன்னு புரிஞ்சுது

[11:48] செல்வி: அத்தை உள்ள இருந்து வேணாம்னு தலைய ஆட்டுனாக

[11:50] செல்வி: நானும் வேணாம்னுட்டேன். ஒரு சொம்பு தண்ணி மட்டும் குடுத்தேன். பிள்ளையத் தூக்கிக்கிட்டு கம்மாக்கரைப் பக்கம் போனா

[11:53] செல்வி: ராத்திரி அவ காலத் தொட்டுக் கும்புட்ட கெழவிகளும் அந்தத் தெருவுலதான் இருந்தாக. நாடகம் கேவலம்னு நான் பயப்படல தேனு. நாடகத்துக்குப் போன பொம்பளைய நம்ம ஆளுக எப்படி நடத்துவாகன்னு தெரிஞ்சதால பயப்படுறேன். நானே நடத்திருக்கேன்

[11:54] செல்வி: நீ யாரு வீட்டுத் திண்ணையிலயும் அப்படி நிக்கக் கூடாதுல்ல

[11:58] தேன்மொழி: அம்மா

[11:58] தேன்மொழி: கூப்பிடட்டா

[11:59] செல்வி: அப்பா தூங்குறாக. காலையில பேசு

புதன்

[காலை 5:50] சந்திரன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[6:15] கதிர்: 🙏 சித்தி

[6:40] மல்லிகா: அம்மா இருக்க வரைக்கும் இதெல்லாம் குரூப்ல பேசணுமா செல்வி. வயசான மனுசி

[6:52] பிரியா: உமா மதினி அப்பத்தாகிட்ட வாசிச்சுக் காட்டிட்டாங்களாம்

[6:53] மல்லிகா: என்ன சொல்லுச்சு

[6:58] உமா: ஒண்ணும் சொல்லல அத்த. அந்தப் பிள்ளைக்குக் காதுல செவப்புக் கல்லுத் தோடுன்னு மட்டும் சொல்லுச்சு. பெறவு காப்பி கேட்டுச்சு

[7:30] தேன்மொழி: அம்மாகூட ஒரு மணி நேரம் பேசுனேன். அவங்க சொன்னத நான் லேசா எடுத்துக்கல. சென்னையிலயும் ஒத்திகை முடிஞ்சு ராத்திரி பத்து மணிக்கு ஹாஸ்டல் கேட்ல நிக்கையில வாட்ச்மேன் பாக்குற பார்வை எனக்குத் தெரியும். ஆனா எங்க குழுவுல பொண்ணுங்க நாலு பேரு சேந்துதான் கெளம்புவோம். கடைசி ஆளு வீடு சேந்துட்டேன்னு சொல்ற வரைக்கும் யாரும் தூங்க மாட்டோம். அந்த அக்காவுக்கு அப்படி யாரும் இருந்திருக்க மாட்டாங்கன்னு நெனச்சா மனசு ஆறல. நான் போகாம இருந்தா அது மாறிராது

[7:34] செல்வி: மாறுமான்னு நீ படிச்சுப் பாத்துட்டுச் சொல்லு

[7:34] பிரியா: அத்தை!! அப்ப சரியா

[7:35] செல்வி: சரின்னு எங்க சொன்னேன். ரிசல்ட் வரட்டும்

[8:10] மல்லிகா: ஞாயித்துக்கிழம என்ன பண்ண. அவுகளுக்கு என்ன சொல்ல

[8:12] முருகேசன்: போட்டோவ நீயே காட்டிரு மதினி. பிடிச்சா வரட்டும்

[8:13] மல்லிகா: உனக்கென்ன

[8:20] மல்லிகா: பொங்கல் முடியட்டும்னு சொல்லிப் பாக்குறேன். பையனோட அம்மாவுக்கு என்னத்தச் சொல்றதுன்னுதான் தெரியல

[8:21] செல்வி: நாடகம் நடிக்கிறான்னே சொல்லுங்க மதினி. பின்னால தெரிஞ்சு பேச வேணாம்

[9:05] செல்வி: பெரிய மாமா. திண்டுக்கல்லருந்து வர்ற பிள்ளை நம்ம வீட்டு மாடியில தங்கட்டும். கூட யாரு வந்தாலும் சரி. உடை மாத்துறதும் அங்கனயே. சாப்பாடு நான் பாத்துக்கிறேன்

[9:40] சந்திரன்: கமிட்டியில் மற்றவர்களையும் கேட்க வேண்டும் அம்மா. ஒரு வீட்டில் தங்க வைத்தால் மற்ற நடிகர்கள் என்ன நினைப்பார்கள் என்பதும் இருக்கிறது. முறை என்று ஒன்று உண்டு.

[9:42] செல்வி: கேளுங்க. நான் சமைக்கத்தான் போறேன்

[9:43] கதிர்: அப்பா ஸ்கூல் சாவி

[9:50] சந்திரன்: சாவியைத் தருகிறேன் என்றுதான் சொல்கிறேன்.

[9:51] உமா: நோட்டு குத்துறத மைக்ல வேணாம்னு சொல்லிரலாமா மாமா. குடுக்குறவுக ஆர்மோனியப் பெட்டிகிட்ட குடுக்கட்டும்

[10:30] சந்திரன்: பேசிப் பார்க்கிறேன். இளவட்டங்கள் கேட்க வேண்டும்.

[10:31] முருகேசன்: இளவட்டமா அன்னைக்கு குத்துனது

[10:31] கதிர்: மாமா 🤫

[10:45] தேன்மொழி: புதன் ராத்திரி நான் ஊர்ல இருப்பேன் பெரியப்பா. லீவு சொல்லிட்டேன். அந்த அக்காகூட மேக்கப் போடுற இடத்துல உக்காரணும். தர்க்கத்துக்கு எப்படித் தயாராகுறாங்கன்னு கேக்கணும்

[10:48] சந்திரன்: கேள். புராணக் கதைகளையும் படித்துவிட்டு வா. வெறும் கையோடு போய்க் கேட்காதே.

[10:50] தேன்மொழி: சரிங்க பெரியப்பா 🙂

[பகல் 12:15] பிரியா: சனிக்கிழமை நாடகத்துக்கு யாராச்சும் போறீங்களா. நான் போறேன்

[12:16] மல்லிகா: எங்க போற

[12:40] முருகேசன்: திருப்பூர்ல லோடு இருக்கு. முடிஞ்சா வர்றேன் தேனு

[12:52] மல்லிகா: பிரியா எங்க போறன்னு கேட்டேன்

[1:30] பாண்டி: மாடி ரூம்ல லைட் எரியல. தாப்பாளும் சரியில்ல

[1:31] பாண்டி: உள்பக்கத் தாப்பாள் ஒண்ணு வாங்கணும். முருகேசா வரும்போது வாங்கிட்டு வா

[1:33] முருகேசன்: என்ன அளவு மச்சான்

[1:40] பாண்டி: அளந்துட்டுச் சொல்றேன்

[1:42] தேன்மொழி: அப்பா புதுச்சேரி

[1:55] பாண்டி: ராத்திரி பேசுவோம்த்தா

[2:20] உமா: கிடா யாரு பேசுறது இந்த வருசம்

[2:21] கதிர்: பபூன் கெடச்சாச்சா