ஜெர்மானியக் குடும்பப் பெயர்கள்: சந்தித்தவர்களும் அறிந்தவையும்

ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் அலுவலகத்தில் தென்மேற்கு ஜெர்மனியின் ஸ்வாபியப் பகுதியைச் சேர்ந்த ஹெஃப்னர் என்பவரும், கிழக்கே லைப்சிக்கிலிருந்து வந்த டோப்ஃபர் என்பவரும் அடுத்தடுத்த மேசைகளில் பணிபுரிகிறார்கள். இருவரின் பெயருக்கும் குயவர் என்பதே பொருள் என்பதை ஒரு நாள் மதிய உணவின்போது அவர்களே எனக்கு விளக்கினார்கள். தெற்கே பானையை ஹாஃபன் என்று அழைத்ததால் அதைச் செய்பவர் ஹாஃப்னர் அல்லது ஹெஃப்னர் ஆனார். கிழக்கே அதையே டோப்ஃப் என்றதால் டோப்ஃபர் ஆனார். ஹெஸ்ஸன் பகுதியிலோ, பானையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழியே வந்த ஆய்லர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. மரப்பீப்பாய் செய்பவருக்கும் இப்படியே வடக்கில் போட்ஷர், ஃபிராங்கோனியாவில் புட்னர், தென்மேற்கில் கூஃபர், பவேரியாவில் ஷெஃப்லர் எனப் பல பெயர்கள் உள்ளன.

மாவு ஆலைக்காரர் என்று பொருள்படும் முல்லர்தான் இந்நாட்டில் மிகுதியாக வழங்கும் பெயர். கொல்லரைக் குறிக்கும் ஷ்மிட் அதற்கு அடுத்தது. இவை எங்கும் பரவியிருப்பதால் ஒருவரின் பூர்விகத்தை இவற்றைக் கொண்டு ஊகிப்பது கடினம். ஆனால் குயவர், பீப்பாய் செய்பவர் போன்றோரின் பெயர்கள் இன்றும் தத்தம் பகுதியிலேயே செறிந்திருக்கின்றன என்பதை, 2005ஆம் ஆண்டின் தொலைபேசி இணைப்புகளைக் கொண்டு தொகுக்கப்பட்ட குடும்பப் பெயர் வரைபட நூல் காட்டுகிறது. இரண்டு உலகப் போர்களையும் பெரும் இடப்பெயர்வுகளையும் கடந்து இந்தச் செறிவு நீடிப்பதே எனக்கு எல்லாவற்றிலும் வியப்பளிப்பது.

கெல்சன்கிர்ஷனிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். கோவால்ஸ்கி என்ற பெரியவரிடம், நீங்கள் போலந்திலிருந்து வந்தவரா என்று ஒருமுறை கேட்டேன். தம் பாட்டனாரின் தந்தை சுரங்க வேலைக்காக இங்கு வந்தார் என்றும், அவர் புறப்பட்ட ஊர் அப்போது ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் கீழ் இருந்தது என்றும் அவர் பொறுமையாக எடுத்துரைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரூர் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பிரஷ்யாவின் கிழக்கு மாகாணங்களிலிருந்து போலிஷ் பேசியவர்கள் பெருந்திரளாக வந்ததால்தான் ‘ஸ்கி’ என்று முடியும் பெயர்களை இங்கே தெருவுக்குத் தெரு காண முடிகிறது. கோவால்ஸ்கியும் கொல்லரின் பெயரிலிருந்து வந்ததே. சில குடும்பங்கள் தம் பெயரை ஜெர்மன் ஒலிக்கு மாற்றிக்கொண்டன. ஜெர்மனியின் முன்னாள் சான்சலர் அங்கேலா மெர்க்கலின் பாட்டனார் காஸ்மியெர்சாக் என்ற பெயரை 1930இல் காஸ்னர் என்று மாற்றினார். அந்தப் பெரியவரின் குடும்பம் மாற்றிக்கொள்ளவில்லை என்பதை அவர் பெருமையோடு சொன்னார். அந்தப் பெருமை நியாயமானது என்றே நானும் கருதுகிறேன்.

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஓர் உறுப்பினர்:

தொழிற்பெயர்களோடு வீட்டுப் பெயர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்நகரின் பழைய யூதர் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னமும் பெயரும் இருந்தன. சிவப்புக் கேடயம் என்ற வீட்டில் வாழ்ந்த குடும்பம் பிற்காலத்தில் வேறு வீட்டுக்குச் சென்றபோதும் அதே பொருள் தரும் ரோட்ஷில்ட் என்ற பெயரைக் கைவிடவில்லை.

ஹூசுமிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஜெர்மனியின் வடகடலோரப் பகுதியான வட ஃபிரிசியாவில் வாழும் தமிழர்களாகிய எங்களுக்கு இந்தப் பொருள் மிகவும் நெருக்கமானது. எங்கள் பக்கத்து வீட்டு முதியவரின் பெயர் பேட்டர்சன். தமிழ் வழக்கப்படி என் கணவரின் ஆவணங்களில் அவருடைய தந்தையின் பெயரும், எங்கள் மகளின் ஆவணங்களில் என் கணவரின் பெயரும் குடும்பப் பெயராக இருப்பதைக் கண்டு பதிவு அலுவலகத்தில் பலமுறை விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இதை அந்த முதியவரிடம் சொன்னபோது, அவருக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. தம் முன்னோர்களைக் குறித்த தேவாலயப் பதிவேட்டின் நகலை எடுத்து வந்து, பேட்டர் ஹான்சனின் மகன் ஹான்ஸ் பேட்டர்சன் என்றும், அவருடைய மகன் மீண்டும் ஹான்சன் என்றும் தலைமுறைதோறும் பெயர் மாறி வந்ததை வரி வரியாகக் காட்டினார்.

எங்கள் பகுதியை உள்ளடக்கி, அப்போது டென்மார்க் அரசரின் ஆட்சியில் இருந்த ஷ்லெஸ்விக்கில், மாறாத குடும்பப் பெயர் வேண்டும் என்ற ஆணை 1771இல் பிறந்தது. கிழக்கு ஃபிரிசியாவில் அதே கட்டளையை 1811இல் நெப்போலியனின் ஆட்சி பிறப்பித்தது. மக்கள் உடனே இணங்கிவிடவில்லை. பழைய வழக்கம் பல ஆண்டுகள் தொடர்ந்தது. பெயர் உறைந்துபோன காலத்தில் தந்தையாக இருந்தவர் பேட்டரா, ஹான்ஸா, யானா என்பதைப் பொறுத்தே இன்றைய பேட்டர்சன்களும் ஹான்சன்களும் யான்சன்களும் அமைந்தார்கள்.

2025 மே 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய பெயர்ச் சட்டம், தாய் அல்லது தந்தையின் முதற்பெயரிலிருந்து குடும்பப் பெயர் அமைக்கும் ஃபிரிசிய மரபை மீண்டும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. தமக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு அவ்வாறே பெயரிட விரும்பும் முதியவரின் பேத்தி, எங்கள் தமிழ் வழக்கத்தில் பெண் பிள்ளைகளின் பெயர் திருமணத்துக்குப் பின் என்ன ஆகும் என்று விரிவாகக் கேட்டறிந்து சென்றார்.