மதுரை வீடு குழு: இரண்டு டாலர் பேக்

ஞாயிறு, காலை 6:38

முரளி: (படம்)

முரளி: இன்று பிரிக்கப் போவது இவைதான். 1987 டாப்ஸ் மூன்று பேக், 1988 டான்ரஸ் நான்கு பேக். நிலா கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கிறாள், அது தேவையே இல்லை என்றாலும். யாராவது எழுந்துவிட்டீர்களா?

சுதா: இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிறேன். நியூ ஜெர்சியில் இப்போது சனிக்கிழமை ராத்திரி ஒன்பது. பிள்ளை தூங்க வேண்டாமாடா?

கவிதா: நானும் இதையேதான் கேட்டேன் அண்ணி. அப்பாவும் பெண்ணும் காதில் வாங்கவில்லை.

பெரியப்பா: இது என்ன, சீட்டுக்கட்டா?

முரளி: இல்லை பெரியப்பா, பேஸ்பால் கார்டு. டாப்ஸ், டான்ரஸ் எல்லாம் இதை அச்சடித்த கம்பெனிகள். முன்பக்கம் ஆட்டக்காரர் படம், பின்பக்கம் வருஷாவருஷம் அவர் ஆடிய கணக்கு. இந்த டாப்ஸ் பேக்கில் 17 கார்டும் ஒரு பபிள்கம்மும் இருக்கும். 1987இல் கடையில் 40 சென்ட். நான் இரண்டு டாலர் கொடுத்தேன்.

பெரியப்பா: 40 சென்ட் இரண்டு டாலர் ஆகியிருக்கிறது. ஐந்து மடங்கு! பரவாயில்லையே.

சுதா: 38 வருஷத்தில் ஐந்து மடங்கு என்றால் ஆண்டுக்கு நாலே கால் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான் பெரியப்பா. உங்கள் பேங்க் எஃப்.டி. அதைவிட நன்றாகவே கொடுத்தது.

பெரியப்பா: அப்படியானால் வேண்டாம்.

அருண்: முரளி அண்ணா, பேஸ்பால் கார்டு என்றால் கோடிக்கணக்கில் போகுமே? மிக்கி மேன்டில் கார்டு ஒன்று 12.6 மில்லியன் டாலருக்கு ஏலம் போனதாகப் படித்தேன்.

முரளி: 2022இல் போனது. அது 1952 டாப்ஸ். அந்த வருஷம் விற்காமல் தங்கிய பெட்டிகளைக் கிடங்கில் வைக்க இடமில்லாமல், 1960இல் படகில் ஏற்றிப் போய் எங்கள் நியூ ஜெர்சி கரைக்கு அப்பால் கடலில் கொட்டிவிட்டதாக, அந்தக் கார்டை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். வீடுகளில் இருந்ததையும் பையன்கள் சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகி டபடபவென்று ஓட்டித் தீர்த்தார்கள். மிச்சத்தை அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள்.

சுதா: அம்மாக்கள் செய்தது சரி.

முரளி: சரியோ தப்போ, விலை ஏறியதே அதனால்தான் அக்கா. எண்பதுகளில் அந்தப் பையன்கள் வளர்ந்து கையில் காசோடு வந்தார்கள், பழைய கார்டு விலை எகிறியது. உடனே நாடு முழுக்க ஒரே எண்ணம்: இப்போது வாங்கி வைத்தால் பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கு ஆகும். பெட்டி பெட்டியாக வாங்கி, பிரிக்காமல் பேஸ்மென்ட்டில் அடுக்கினார்கள். கம்பெனிகளும் விடவில்லை. 1980 வரை ஏறக்குறைய டாப்ஸ் ஒன்றுதான். ஒரு வழக்கில் அதன் தனியுரிமை உடைந்து 1981இல் ஃப்ளீரும் டான்ரஸும் வந்தன. 1988இல் ஸ்கோர், 1989இல் அப்பர் டெக். எல்லாரும் அச்சடித்துத் தள்ளினார்கள். எல்லாரும் பத்திரப்படுத்தியதால் எதுவுமே அருமையாக இல்லாமல் போயிற்று. 1987இலிருந்து 1993 வரை வந்ததில் பெரும்பாலானதுக்கு இங்கே ‘ஜங்க் வாக்ஸ்’ என்றே பெயர். மெழுகுத் தாளில் சுற்றிய குப்பை.

பெரியப்பா: ஒருத்தன் விற்கலாம் என்று பார்த்தால் எல்லார் வீட்டிலும் அதே பெட்டி. எங்கள் பேங்க் கிளையிலும் எண்பதுகளில் இப்படித்தான் தேக்குமரத் திட்டம், அந்தத் திட்டம் இந்தத் திட்டம் என்று...

கவிதா: பெரிய மாமா, தேக்குமரக் கதை வேண்டாமே. அவர் பிரிக்கட்டும்.

காலை 6:55

முரளி: முதல் டாப்ஸ் பேக் பிரித்தாயிற்று. (படம்)

ராஜி அத்தை: கார்டைச் சுற்றி மரப்பலகை மாதிரி போட்டிருக்கிறதே, அழகாக இருக்கிறது. அந்த ரோஸ் கலர் துண்டு என்ன, ஓடா?

முரளி: அதுதான் அத்தை பபிள்கம்.

ராஜி அத்தை: ஐயோ. வாயில் போட்டுவிடாதே.

கவிதா: போன மாதமே போட்டுப் பார்த்துவிட்டார் அத்தை. சுண்ணாம்பு மாதிரி நொறுங்கிப் பொடியாகி, ஒரு மணி நேரம் வாய் கொப்பளித்தார்.

அருண்: கார்டு வாங்கினால் மிட்டாய் இலவசமா, மிட்டாய் வாங்கினால் கார்டு இலவசமா?

முரளி: ஆரம்பத்தில் இரண்டாவதுதான். டாப்ஸ் புரூக்ளினில் தொடங்கிய சூயிங்கம் கம்பெனி. அப்புறம் பார்த்தால் பிள்ளைகள் கம்மைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கார்டை வைத்துக்கொண்டார்கள். கம் ஒட்டிய கார்டில் கறை படிகிறது என்று சேகரிப்பவர்கள் புலம்பியதில் 1991 பேக்கோடு அதை நிறுத்திவிட்டார்கள். இன்றைய பேக்கிலும் கம்மை ஒட்டியிருந்த கார்டில் சதுரமாக ஒரு கறை. எண்ணெய்ப் பலகாரம் வைத்த பேப்பர் மாதிரி இருக்கிறது.

அருண்: கறையா? விலை போயிற்று!

முரளி: இல்லாத விலை எங்கேடா போகும்? நிலா அந்தக் கார்டைத்தான் தனக்கு எடுத்துக்கொண்டாள். மோந்து பார்த்தால் இன்னும் லேசாக இனிப்பு வாசனை வருகிறதாம்.

சுதா: பிரிக்கும்போது எப்படி இருக்கும்? பிளாஸ்டிக் உறையா?

முரளி: மெழுகு பூசிய தாள் அக்கா. பின்னால் மடித்துச் சூட்டில் ஒட்டியிருப்பார்கள். விரல் நுழைத்தால் பட்டென்று விட்டுவிடும், கிழிய வேண்டியதே இல்லை. அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு பேக் பிரிக்கலாம்.

அருண்: சூட்டில் ஒட்டுவது என்றால், நல்ல கார்டை எடுத்துக்கொண்டு திரும்ப ஒட்டியும் விற்கலாமே?

முரளி: விற்கிறார்கள். விலை கூடிய பழைய பேக்குகளில் அந்த மோசடி உண்டு. அதனால்தான் அவற்றை வாங்குகிறவர்கள் யாராவது சோதித்துச் சான்று கொடுத்ததையே தேடுகிறார்கள். என் இரண்டு டாலர் பேக்குக்கு எவன் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்குவான்?

பெரியப்பா: அதில் யார் யார் வந்தார்கள்? அதைச் சொல்.

முரளி: பெரிய பெயர் ஒன்றும் இல்லை பெரியப்பா. இந்த வருஷத்து டாப்ஸில் எல்லாரும் தேடுவது பேரி பாண்ட்ஸின் ரூக்கி கார்டு, அதாவது புதிதாக ஆட வந்தபோது போட்ட கார்டு. பின்னால் 762 ஹோம் ரன் அடித்து உச்ச சாதனை வைத்தவர். ஊக்கமருந்துப் புகாரில் பெயர் கெட்டுப்போனது. நல்ல நிலையில் இருக்கும் கார்டே சில டாலருக்குக் கிடைக்கும். எனக்கு இன்று வந்தது ஜேமி மோயர்.

அருண்: யார் அது?

முரளி: படத்தில் ஒல்லியாக, சிகாகோ கப்ஸ் தொப்பியோடு ஒரு பையன். 1986இல்தான் ஆட வந்தவர். பந்து வேகமாகவும் போகாது. பின்பக்கக் கணக்கில் ஒரே ஒரு வரிதான் பெரிய லீக், மற்றதெல்லாம் சின்ன லீக். கார்டைப் பார்த்தால் இரண்டு வருஷம் தாங்குவாரா என்று தோன்றும். இவர் 2012 ஏப்ரலில், 49 வயதில், கொலராடோ அணிக்காக ஒரு ஆட்டத்தை வென்றார். பெரிய லீக்கில் அதைவிட மூத்த வயதில் எந்தப் பந்துவீச்சாளரும் வென்றதில்லை. மொத்தம் 269 வெற்றி.

பெரியப்பா: 49 வயதிலா! நான் 49இல் முட்டிவலிக்குத் தைலம் தேடிக்கொண்டிருந்தேன்.

முரளி: இந்தக் கார்டு பத்து சென்ட் கூடப் பெறாது. எனக்கு இதில்தான் ருசி. 38 வருஷத்துக்கு முன்னால் ஒட்டிய பேக்குக்குள் இருக்கிற யாருக்கும் தனக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாது, நமக்குத் தெரியும். ‘வருங்கால நட்சத்திரம்’ என்று வானவில் எழுத்தில் போட்டிருப்பவர்களில் பாதிப் பேர் காணாமல் போனவர்கள். அதே எழுத்து போட்ட போ ஜாக்சன் நிஜமாகவே நட்சத்திரம். பேஸ்பாலோடு அமெரிக்கன் ஃபுட்பாலும் ஆடினார். 1991 ஜனவரியில் ஃபுட்பாலில் இடுப்பில் அடிபட்டது, அதன் பிறகு பழைய ஓட்டம் திரும்பவில்லை.

அருண்: பின்னே இதில் விலை போகிற எதுவுமே கிடையாதா?

முரளி: 1989 அப்பர் டெக்கில் முதல் எண் கார்டு, கென் கிரிஃபி ஜூனியர் ரூக்கி. அதற்கு இன்றைக்கும் மவுசு உண்டு. அதனாலேயே அந்தப் பேக் மற்றதைவிட விலை அதிகம். நான் பக்கத்தில் போவதில்லை. விலை கூடினால் ஒவ்வொரு கார்டையும் ஓரம் பிடித்து எடுக்க வேண்டும், பிளாஸ்டிக் உறையில் போட வேண்டும், நிலாவைத் தொடாதே என்று அதட்ட வேண்டும்.

காலை 7:20

முரளி: இரண்டாவது பேக்கில் பட்டியல் கார்டு. 792 கார்டு கொண்ட செட்டில் 132 பேரின் பெயர், பக்கத்தில் சின்னக் கட்டம். கிடைத்தவருக்கு டிக் போடலாம்.

பெரியப்பா: இதுதான் உருப்படியான அட்டை. லெட்ஜர் மாதிரி.

முரளி: நிலா பால்பாயின்ட் பேனாவால் டிக் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு மோயருக்குப் போட வேண்டும், ஆனால் அவர் எண் 227, இந்த அட்டையில் இல்லை. ஒரே ரகளை.

அருண்: பேனாவாலா? அண்ணா!!

கவிதா: உனக்கு ஏன் அருண் பதறுகிறது?

சுதா: அந்த டான்ரஸ் பேக்கில் என்ன? அதிலும் கம் உண்டா?

முரளி: கம் கிடையாது. கம்மோடு கார்டு விற்கும் உரிமை டாப்ஸுக்குத்தான் என்று 1981இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. அதனால் ஃப்ளீர் ஸ்டிக்கர் வைத்தது, டான்ரஸ் புதிர்ப்பட அட்டை வைத்தது. ஒரு அட்டையில் மூன்று துண்டு, மொத்தம் 63. எல்லாம் சேர்ந்தால் ஒரு பழைய ஜாம்பவானின் படம். 1988இல் ஸ்டான் மியூசியல். செயின்ட் லூயிஸ்காரர். 3,630 முறை அடித்துத் தளம் சேர்ந்தவர். சொந்த ஊரில் 1,815, வெளியூரில் 1,815. சரிபாதி.

சுதா: நிஜமாகவா? இது அடுத்த வாரம் எட்டாம் வகுப்புக்குப் போகிறது.

முரளி: நிலாவுக்குக் கார்டைவிட மியூசியல்தான் முக்கியம். 19 அட்டை சேர்த்துவிட்டாள், இன்னும் இரண்டு வேண்டும். மூக்கும் தொப்பியின் ஓரமும் இல்லை. நான்கு பேக்கும் பிரித்தாயிற்று, நான்கிலும் ஏற்கெனவே இருக்கிற துண்டுதான். முகம் தொங்கிப் போயிற்று.

சுதா: 21 வகை, எல்லாம் சமமாகக் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள். கடைசி இரண்டில் ஏதோ ஒன்று கிடைக்கச் சராசரியாகப் பத்தரை பேக். மிஞ்சிய ஒன்றுக்கு 21 பேக். ஆக, இன்னும் முப்பது முப்பத்திரண்டு பேக் பிரிக்க வேண்டும்.

கவிதா: அண்ணி, இதை அவரிடம் சொல்லியிருக்கவே கூடாது. ஒரு பாக்ஸில் 36 பேக்.

முரளி: கணக்கு டீச்சரே சொல்லிவிட்டார், ஒரு பாக்ஸ் போட்டுவிட வேண்டியதுதான்.

சுதா: டேய், நான் வாங்கச் சொல்லவில்லை! அந்தத் துண்டை மட்டும் தனியாக யாரும் விற்கமாட்டார்களா?

முரளி: விற்பார்கள். முழுப் புதிரே சில டாலருக்குக் கிடைக்கும். நிலாவிடம் கேட்டேன். வேண்டாமாம், பேக்கிலிருந்து வந்தால்தான் கணக்காம்.

ராஜி அத்தை: குழந்தை சொல்வது சரிதான். நாங்கள் பபிள்கம்மில் வந்த கிரிக்கெட் படத்தை இப்படித்தான் சேர்த்தோம். பக்கத்து வீட்டுப் பையன் கவாஸ்கர் ஒன்றுக்கு என்னிடம் ஐந்து படம் பிடுங்கிக்கொண்டான்.

பெரியப்பா: நீயா? உனக்குக் கிரிக்கெட் தெரியுமா ராஜி?

ராஜி அத்தை: உங்களைவிடத் தெரியும் அண்ணா.

முரளி: அத்தை, உங்களுக்கென்றே ஒரு கதை. 1989 ஃப்ளீரில் பில்லி ரிப்கன் என்றொருவர். தோளில் மட்டையை வைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். மட்டையின் அடிக் குமிழில் பேனாவால் ஒரு கெட்ட வார்த்தை எழுதியிருக்கிறது. ஃப்ளீரில் யார் கண்ணிலும் படாமல் அச்சாகிப் பேக்குக்குள் போய்விட்டது. தெரிந்ததும் பதறி, ஒரு தடவை வெள்ளை பூசி, ஒரு தடவை கிறுக்கி, ஒரு தடவை கறுப்புக் கட்டம் போட்டு மறைத்து அச்சடித்தார்கள். இப்போது ஒவ்வொரு மறைப்புக்கும் தனித்தனியாகச் சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ராஜி அத்தை: என்ன வார்த்தை?

கவிதா: அத்தை!

பெரியப்பா: குடும்பக் குழு இது.

முரளி: அது அவர் பயிற்சிக்கு எடுத்துப்போகும் மட்டையாம். அடையாளம் தெரிவதற்காகத் தானே எழுதியது என்று பல வருஷம் கழித்து அவரே ஒப்புக்கொண்டார்.

அருண்: அண்ணா, டிசம்பரில் வரும்போது எனக்கு இரண்டு பேக் கொண்டு வாருங்கள். 1987 போதும். பேனா தொடாதது.

சுதா: எனக்கு அந்தக் காய் நறுக்கும் மெஷின். அதற்கு இடம் விட்டுவிட்டு மிச்சத்தில் குப்பையை அடைத்துக்கொள்.

முரளி: கவலைப்படாதே அக்கா, ஒரு பேக் உன் கைப்பிடி இட்லி மாவு கனம் கூட இருக்காது. சரி, நிலா தூங்கப் போகிறாள். அடுத்த சனிக்கிழமை எதைப் பிரிப்பது? 1990 டான்ரஸ், சிவப்பு ஓரம், அச்சுப் பிழைகளுக்குப் பேர் போனது. அல்லது 1991 ஃப்ளீர், கண்ணைக் கூசும் மஞ்சள். ஓட்டுப் போடுங்கள்.

பெரியப்பா: பிழை இருக்கிறதையே எடு. ஆடிட் செய்து பார்ப்போம்.

அருண்: நானும் சிவப்பு.

ராஜி அத்தை: அந்தக் கெட்ட வார்த்தை பேக் எத்தனை டாலர் முரளி? நான் பாதி தருகிறேன்.