மூன்று நாள் மலையோட்டத்துக்கு நேரக்கணிப்பாளர்கள் தேவை

வணக்கம் உறவுகளே. டிசம்பர் லீவில் நுவரெலியாப் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மூன்று கட்ட ஓட்டப்போட்டி நடத்துகிறோம். 2006 முடிவில் ஐரோப்பாவில் தொடங்கிய 'டூர் டி ஸ்கீ' பனிச்சறுக்குத் தொடரின் முறைதான்: எல்லாக் கட்ட நேரங்களையும் கூட்டி, முன்னணியில் வருவோருக்குத் தரும் போனஸ் விநாடிகளைக் கழித்தால், குறைந்த நேரம் உள்ளவருக்கே வெற்றி. அங்கே கடைசிக் கட்டம் இத்தாலியின் அல்பே செர்மிஸ் ஏற்றம், சில இடங்களில் 28 சதவீதச் சரிவு. நமக்குத் தோட்டத் தொழிலாளர்கள் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்திலிருந்து கோயில் வரையான தேயிலை மலைப் பாதை போதும்.

முதல் நாள் 30 விநாடிக்கு ஒருவராகப் புறப்படுவர், இரண்டாம் நாள் எல்லோரும் ஒன்றாக. சிக்கல் மூன்றாம் நாள்தான். அன்று இடைவெளிப்படி விடவேண்டும்: முதல்வரின் மொத்தம் 58:20.4, அடுத்தவர் 58:43.9 என்றால், தசமத்தை வெட்டிவிட்டு 23 விநாடி கழித்து அவர் புறப்படுவார். முதலில் கோட்டைத் தொடுபவரே ஒட்டுமொத்த வெற்றியாளர். ஒரே விநாடியில் இருவர் புறப்பட வேண்டி வந்தால் ஒரு புறப்படும் வாசல் போதாது, இரண்டு வேண்டும். மிகவும் பின்தங்கியவர்களை ஒரே கூட்டமாக விடுவோம். கூட்டம் புறப்பட்ட நேரத்துக்கு மேல் அவரவருக்கு உள்ள மீதி இடைவெளியைப் பிறகு கூட்ட மறந்தால் பட்டியலே தலைகீழ்.

தேவை: எக்செல் தெரிந்த ஒருவர், புறப்படும் வாசலுக்கு இருவர், முடிவுக் கோட்டில் நெஞ்சு இலக்கம் எழுத இருவர். போன் கடிகாரங்களை முதல் நாளே ஒன்றாக்க வேண்டும். பத்து விநாடி போனஸ் சிறுவர்களுக்கு அதிகமா? விளையாட்டு ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்களேன்.